அப்பாவைப் பார்த்துக்கொள்ள லீவு கேட்டால் வேலையை விடச் சொல்வதா?

பெல்லந்தூர்_சேலத்தான்:
போன வருஷம் சேலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். பெங்களூரு மடிவாளாவில் ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். பதினோரு நாள் ஐசியு வாசல். லேப்டாப் சார்ஜரைத் தண்ணீர் ஃபில்டர் பிளக்கில்தான் மாட்ட முடியும். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் பிடுங்கிவிட்டுப் போவார்கள். "ஏழாம் பெட் அட்டெண்டர் யாருங்க?" என்று நர்ஸ் கூப்பிட்டால், மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு ஓடுவேன்.

இருந்த லீவெல்லாம் தீர்ந்தது. சம்பளம் வேண்டாம், ரெண்டு மாதம் விடுங்கள் என்று கேட்டேன். "ரிசைன் பண்ணிடுங்களேன்" என்றார் மேனேஜர். சரி என்றால், 90 நாள் நோட்டீஸாம்! அப்பாவுக்கு 60 நாள் தர மனமில்லை, நான் கிளம்ப மட்டும் 90 நாள் வேண்டும்.

எங்கள் டீமிலேயே டெக்சாஸில் ஒருவர் அம்மாவின் புற்றுநோய் சிகிச்சைக்காக 9 வாரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். அமெரிக்காவில் 1993லிருந்து எஃப்எம்எல்ஏ என்று குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 12 வாரம். சம்பளம் கிடையாது, ஆனால் திரும்பி வந்தால் அதே வேலையோ அதற்குச் சமமானதோ கொடுத்தாக வேண்டும். அதே கிளையண்டுக்குத்தானே நானும் உழைக்கிறேன்?

பீன்யா_பட்டறை:
தம்பி, அப்பா இப்போது தேவலையா? வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தை முழுசாகச் சொல்லுங்கள். அது 50 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனிக்கு. கேட்கிறவரும் ஒரு வருஷம் வேலை பார்த்து, கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். நான் 14 பேர் வைத்திருக்கிறேன். சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் மெஷினை செட் பண்ணும் செட்டர் மூணு மாதம் இல்லையென்றால் மெஷின் நிற்கும், இஎம்ஐ நிற்காது.

2017ல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஈஎஸ்ஐ என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக்குள் வராதவர்களுக்குச் சம்பளம் யார் தலையில்? எங்கள் தலையில். அப்புறம் இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ" என்று கேட்கிறார்கள் என எங்களையே திட்டுவது.

அல்சூர்_அக்கா:
அண்ணா, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதுண்டா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

2007ல் ஒரு சட்டம் வந்தது: வயதான பெற்றோரைக் கைவிட்டால் மூணு மாதம் வரை ஜெயில். பார்த்துக்கொள்ளப் போனால் வேலை காலி! மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்புக்கு 730 நாள் உண்டு. பெற்றோருக்கு? 2025 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, இருக்கும் 30 நாள் ஈட்டிய விடுப்பை அதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தனியாக ஒன்றும் இல்லை.

கடைசியில் என்ன நடக்கிறது? மகனுக்கு லீவு கிடைக்காது, மருமகள் வேலையை விடுகிறாள். நான் விட்டேன். மாமியாருக்கு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றக் கற்றுக்கொண்டதுதான் அந்த மூணு வருஷத்தில் என் பிரமோஷன்.

பீன்யா_பட்டறை:
நான் கேட்டதில்லை. என் அக்கவுண்டன்ட் கேட்டிருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஹெச்ஆர்_மூர்த்தி:
ரெண்டு பேரும் வேலையில் இடத்தை வைத்திருப்பதையும் சம்பளம் தருவதையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். ஜப்பானில் ஒரு உறவினருக்கு 93 நாள் பராமரிப்பு விடுப்பு, மூணு தவணையாகப் பிரித்துக்கூட எடுக்கலாம். சம்பளத்தில் 67 சதவீதம் வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து வருகிறது, முதலாளி பையிலிருந்து அல்ல. நம் ஈஎஸ்ஐயிலும் 91 நாள், 70 சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் தொழிலாளிக்கே உடம்பு சரியில்லை என்றால்தான். அந்த வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் என்ன?

பீன்யா_பட்டறை:
பணம் அங்கிருந்து வந்தாலும் ஆள் எங்கிருந்து வருவான் மூர்த்தி? அப்புறம் டாக்டர் சர்டிபிகேட் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

பெல்லந்தூர்_சேலத்தான்:
சார், பக்கவாதத்துக்கு ஸ்கேன் இருக்கிறது. நான் சம்பளமே கேட்கவில்லையே. உங்கள் செட்டரின் அப்பாவுக்கு நாளைக்கு இப்படி ஆனால் என்ன செய்வீர்கள்?

பீன்யா_பட்டறை:
முன்கூட்டியே சொன்னால், சம்பளமில்லாமல் ஆறு வாரம் இடத்தை வைத்திருப்பேன். பன்னிரண்டு என்று சட்டம் போட்டால் எதிர்ப்பேன்.

அல்சூர்_அக்கா:
பக்கவாதம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டா வரும், அண்ணா?

பீன்யா_பட்டறை:
சரி, "முன்கூட்டியே"வை எடுத்துவிடுகிறேன். ஆறு வாரம்தான்.