டிஎன்ஏ போடாத குழாயிலயும் பட்டை விழுகுது: பிசிஆர் தெரிஞ்சவை சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிற எங்கட குழுவுக்கு அவசர உதவி வேணும். பிசிஆர் (டிஎன்ஏயைப் பல மடங்காப் பெருக்கிற முறை) செய்யிறம்: 25 மைக்ரோலீற்றர் கலவை, 35 சுற்று. டிஎன்ஏ போடாத கட்டுப்பாட்டுக் குழாயிலயும் அகரோஸ் ஜெல்லில (டிஎன்ஏயை நீளப்படி பிரிச்சுக் காட்டுறது) மங்கலான பட்டை, மாதிரியின்ர அதே 300 பேஸ் இடத்தில. பிரைமர் டைமர் (பெருக்கத்தைத் தொடக்கிற குட்டி டிஎன்ஏத் துண்டுகளான பிரைமர்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டினது) எண்டால் 100க்குக் கீழ ஓடியிருக்கும். முந்தி பெருகின டிஎன்ஏதான் எங்கேயோ ஒட்டியிருக்கு.

தண்ணீர், பிரைமர் மாத்தியாச்சு. மேசையை 10% புளீச்சால துடைச்சு, யூவியும் 30 நிமிசம் போட்டாச்சு. யூஎன்ஜி நொதி போடச் சொல்லினம். அது யூராசில் உள்ள டிஎன்ஏயைத்தான் வெட்டும், பழைய அழுக்கோ யூராசில் இல்லாமல் தைமினோட இருக்கு, அதால இப்ப உதவாது.

மிச்சச் சந்தேகம் பிப்பெற்றின்ர (திரவம் அளந்து எடுக்கிற கருவி) உள்பக்கம். கழற்றிக் கழுவின ஆக்கள் முறையைச் சொல்லுங்கோ. ஃபில்டர் வைச்ச முனை ஒரு பெட்டி தந்தாலும் பெரிய உதவி.