ஆம்ஸ்டர்டாம் கால்வாய் ஆயில் பெயின்டிங்: தண்ணீர் படுக்காமல் சுவர் மாதிரி நிற்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஹெரன்கிராக்ட் கால்வாயின் எதிர்க்கரையில் நின்று பார்க்கும் காட்சி, 40 × 50 செ.மீ. கேன்வாஸ். வீடுகள் பரவாயில்லை. புகைப்படத்தின் மேல்பாதியைக் கவிழ்த்து டிரேஸ் எடுத்துத்தான் பிரதிபலிப்பை வரைந்திருக்கிறேன். ஆனால் தண்ணீர் நிமிர்ந்து நிற்கிறது. தவிர, இருட்டான இடங்கள் காய்ந்ததும் மங்கிப்போகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
கோளாறு கவிழ்த்ததில்தான். ஒவ்வொரு பொருளுக்கும் நேர் கீழே நீர்மட்டம் எங்கே விழுமோ, அதுதான் மடிப்பு, அதாவது படம் தலைகீழாகத் திரும்பும் இடம். அங்கே வீடுகள் தண்ணீரை ஒட்டி இல்லை, நடுவில் சாலை இருக்கிறது. அதனால் வீட்டுக்கு நேர் கீழான நீர்மட்டப் புள்ளி, படத்தில் கரைச்சுவர் தண்ணீரைத் தொடும் கோட்டுக்கு மேலே விழும். அதைப் பென்சிலால் குறியுங்கள். அங்கிருந்து கூரை உச்சி 12 செ.மீ. மேலே என்றால் கீழேயும் அதே 12 செ.மீ. புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி 8 மி.மீ. இருந்தால், கோட்டுக்குக் கீழே பிரதிபலிப்பு 11.2 செ.மீ. வரைதான் இறங்கும். அதிலும் மேல்பகுதியைக் கரைச்சுவரின் பிரதிபலிப்பு பிடித்துக்கொள்ளும். வாசற்படியும் கதவின் கீழ்ப்பகுதியும் தண்ணீரில் தெரியவே கூடாது. உங்கள் படத்தில் தெரிந்தால் கண் உடனே நம்ப மறுக்கும்.

பதில் 2:
வரைகோடு சரியானாலும் பிரஷ் வேலை தவறினால் தண்ணீர் படுக்காது. முதலில் ஃபிளாட் (தட்டை முனை) பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகப் பிரதிபலிப்பின் நிறங்களை வையுங்கள். வெளிச்சமான ஜன்னல் சட்டங்களை ஒரு படி மங்கலாக, கருஞ்செங்கல்லை ஒரு படி வெளிறலாக. ஈரம் காயுமுன் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷைக் குறுக்கே ஒரே ஒரு தடவை, எடை கொடுக்காமல் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வானத்து வெள்ளை செங்கல்லில் ஏறிச் சேறாகிவிடும்.

அலைக்கோடுகள் நம் காலடியில் அகலமாக, இடைவெளி விட்டு. எதிர்க்கரைப் பக்கம் மயிரிழையாக, நெருக்கமாக. காலடித் தண்ணீரைச் செங்குத்தாகப் பார்க்கிறோம், அங்கே பிரதிபலிப்பு குறைந்து தண்ணீரின் சொந்த நிறம் வெளிவரும்: ரா அம்பர் (பழுப்பு) 2 பங்கு, விரிடியன் (பச்சை) 1 பங்கு, துளி யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

பதில் 3:
மங்குவதற்குக் காரணம், அடித்தளம் (கேன்வாஸின் அடிப்பூச்சு) பெயின்டிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடுவது. அம்பர் வகை நிறங்களுக்கு எண்ணெய் அதிகம் தேவை, பெயின்டை இளக்கும் டர்பென்டைன் மட்டும் கலந்தால் இப்படித்தான் ஆகும். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பென்டைனும் சம அளவு கலந்து, நூல் உதிராத துணியால் மங்கிய இடத்தில் மட்டும் தேயுங்கள். சில நிமிடங்களில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். தேங்கினால் மஞ்சளிக்கும். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கரையோர எல்ம் மரங்களுக்கும் இதே கணக்கா?

பதில் 1:
கணக்கு அதேதான். மரம் விளிம்பிலேயே நிற்பதால் அதன் புள்ளி கரைக்கோட்டிலேயே கிட்டத்தட்ட விழும், பிரதிபலிப்பு குறையாது. ஆகவே தண்ணீரில் மரம் வீட்டை இன்னும் அதிகமாக மறைக்கும். சாய்ந்த தண்டு வலப்பக்கம் சாய்ந்தால் தண்ணீரிலும் வலப்பக்கமே.