மகனை எங்கே காட்டலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்க அம்மாமாரிடம்தான் கேட்கிறேன். நாங்கள் களுவாஞ்சிக்குடி. மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் கேற்றடிக்கு ஓடுவான். எதையும் விரலால் காட்டுவதில்லை. பிஸ்கட் வேணுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டின்னில் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சில்லுச் சுற்றுவதுதான் விளையாட்டு. முன்பு சொன்ன "அம்மா", "தண்ணி"யும் இப்போது இல்லை.

"ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்கிறா மாமி. சரி, ஆனால் சொன்ன சொல் ஏன் நின்றது?

16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் படிவத்தின் 20 கேள்விகளையும் நிரப்பினேன். புள்ளி கூடத்தான் வந்தது. அதை மட்டும் வைத்து ஓட்டிசம் என்று முடிவுகட்ட முடியாது, வைத்தியர்தான் பார்க்க வேண்டும், தெரியும்.

அரச ஆஸ்பத்திரியில் காட்ட, கிளினிக் மிஸ்ஸிடம் முதலில் கடிதம் எடுக்க வேண்டுமா? காதையும் சோதிப்பார்களா? தமிழில் ஸ்பீச் தெரப்பி செய்கிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்களா? "தானாகச் சரிவரும்" என்ற ஆறுதல் வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது, அது வேண்டாம். பிள்ளையைக் காட்டிய அனுபவம் உள்ளவர்கள் இன்பொக்ஸில் எழுதினாலும் போதும்.