திங்கள் வரை பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கலாமா?

முள்ளியவளை வாசகி:
மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தை ஓட்டி வந்த என் தம்பியை நேற்று வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியளவில் பொலிஸார் கைது செய்தனர். அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை என்பது உண்மை, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குத் தொய்வு வருத்தம். இன்று காலை சோற்றுப் பொதியுடன் இன்ஹேலரையும் கொண்டு சென்றோம். வாயிலில் நின்றவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார், தம்பியைக் காட்டவில்லை. "திங்கட்கிழமைதான் கோர்ட்" என்கிறார். அதுவரை வைத்திருக்க முடியுமா?

கிளிநொச்சிச் சட்டத்தரணி:
முடியாது, தங்கச்சி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் நிறுத்த வேண்டும். விடுமுறை நாளென்றால் நீதிவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்துவார்கள். 72 மணித்தியாலம் என்பது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கணக்கு. வன்னியில் அந்தச் சட்டத்தோடு பழகிப்போனதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், மணல் வழக்குக்கு அது பொருந்தாது. 2012ஆம் ஆண்டின் விதிகளின்படி சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கே சென்று அவருக்காகப் பேசலாம். மருந்து விடயத்தை இப்போதே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். பொதியை வாங்கியவரின் சீருடையிலுள்ள இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகர்:
மேலிடத்துக்கு முறையிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளைக்குத்தான் அடி விழும், பிள்ளை. பொறுத்திருங்கள்.

மாங்குளம் வாசகர்:
ஐயா, அந்தப் பயத்தில்தான் ஒருமுறை நானும் வாய் திறக்கவில்லை. ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிவான் கேட்டபோது, அடித்தவரே என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன். முதுகில் இருந்த கண்டல்களைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட அனுப்பும்படி அப்போதே கேட்டிருந்தால் அவை பதிவாகியிருக்கும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், வாசித்துக் காட்டும்படி கேட்காமலே கையெழுத்தும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு இடுவதற்கான ஒரு மாதம் கடந்துவிட்டிருந்தது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில் கைதான இளைஞர் உயிருடன் வீடு திரும்பவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளிநொச்சிச் சட்டத்தரணி:
அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது பலருக்குத் தெரிவதில்லை.

முள்ளியவளை வாசகி:
அண்ணா, ஆணைக்குழுவுக்கு அறிவித்தோம், சட்டத்தரணி ஒருவரும் சென்றார். மாலை ஐந்து மணிக்கு நீதிவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்தினார்கள். இரவு மூச்சு முட்டியதைத் தம்பி தானே சொன்னான். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல உத்தரவிட்டு, செவ்வாய் வரை விளக்கமறியலில் வைத்தார்கள். அவனுடைய உடைமைகளை எங்களிடம் கொடுத்த பையில் இன்ஹேலர் உறை கிழிக்கப்படாமலே இருந்தது.