வியன்னாவில் பார்த்த அந்தக் கார்

போரை நான் நேரில் பார்த்தவன் இல்லை. ஆனால் வியன்னா ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு காரின் முன்னால் முக்கால் மணி நேரம் நகர முடியாமல் நின்றிருக்கிறேன். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் சுடப்பட்டது அதில்தான். காரின் பக்கத் தகட்டில் குண்டு துளைத்த சின்ன ஓட்டை. அருகே அவருடைய வெளிர்நீலச் சீருடை, ரத்தக்கறையோடு.

சுட்ட போஸ்னிய செர்பியர் கவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. அந்தக் குண்டுதான் உலகப் போரைக் கொண்டுவந்தது என்றே பள்ளியில் படித்தோம். அன்றிரவு அறைக்குத் திரும்பி, தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். கொலைக்கும் ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு விதித்ததற்கும் இடையில் 25 நாள்! அதற்குள் ஜூலை 5-ஆம் தேதியே ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம், என்ன செய்தாலும் பின்னால் நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு 48 மணி நேரக் கெடு. செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இறங்கிவந்தது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணையில் பங்கேற்பதை மட்டும் மறுத்தது. பதிலை வாங்கிய ஆஸ்திரியத் தூதர் அன்று மாலை ஆறரை மணி ரயிலிலேயே பெல்கிரேடை விட்டுக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 28-ஆம் தேதி அந்தப் பதிலைப் படித்த வில்ஹெல்மே, இனிப் போருக்குக் காரணமில்லை என்று எழுதிவைத்தார். அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. இதை எழுதும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

* * *

தம்பி, உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலராக, ஒரு பகுதியின் வண்டிகளை இயக்குபவனாக, இருந்தவன். நீங்கள் விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன்.

செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா எழுந்துவிட்டது. ஆகஸ்ட் 1 மாலை, ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸ் ஒதுங்கிக்கொள்ளும் என்று லண்டனிலிருந்து ஒரு தவறான நம்பிக்கை வந்தது. உடனே வில்ஹெல்ம், மொத்தப் படையையும் ரஷ்யா பக்கம் திருப்புங்கள் என்றார். தளபதி மோல்ட்கே முடியாது என்றார். ரயில்களில் படையைக் கொண்டுசெல்ல வருடக்கணக்கில் போட்ட திட்டம், திருப்பினால் சோறு தண்ணியில்லாத கும்பல்தான் போய்ச் சேரும் என்பது அவர் வாதம்.

இதை முதலில் படித்தபோது பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை, பயமாக இருந்தது. ஒருமுறை, கிளம்பிவிட்ட ஒரே ஒரு ஸ்பெஷல் வண்டியைப் பாதி வழியில் வேறு பாதைக்கு மாற்றச் சொன்னார்கள். எதிர்வண்டிகளை லூப் லைனில் (பக்கத்து ஒதுக்குப் பாதையில்) ஒதுக்கி, வேறு டிரைவர், கார்டு தேடி, விடியும்வரை போனைக் கீழே வைக்கவில்லை நான். அங்கே ஆயிரக்கணக்கான வண்டிகள்.

* * *

ஐயா, உங்கள் கடிதத்துக்கு நன்றி. ரஷ்யாவிலும் இதேதான். ஜூலை 29 இரவு ஜார் நிக்கோலஸ், முழுப் படைதிரட்டும் உத்தரவை நிறுத்திவைத்தார். அரைகுறையாகத் திரட்டினால் திட்டமே குலைந்துவிடும் என்று தளபதிகள் விடவில்லை. மறுநாள் மாலை மறுபடி கையெழுத்தாயிற்று. நடுவில் கிடைத்தது ஒரே ஓர் இரவு.