கரிசலில் புது வீடு: சுற்றிலும் பேவரா, செடியா? ஹாலுக்கு ஆத்தங்குடியா, டைல்ஸா?

நாற்பதுக்கு_அறுபது:
கோவில்பட்டி பக்கம், சுத்தக் கரிசல். மனை 40×60, வீடு 28×40, தரைத்தளம் மட்டும். ஆறடிக் கருங்கல் அஸ்திவாரம், மேலே பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் சுற்றிலும் ஓடும் கான்கிரீட் உத்தரம்). பூச்சு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முன்னால் 12 அடி, பின்னால் 8 அடி, பக்கத்துக்கு ஆறாறு அடி காலி. அதை பேவர் (கோத்துப் பதிக்கிற கான்கிரீட் கல்) போட்டு மூடச் சொல்லி ஒரு கட்சி, செடி வைக்கச் சொல்லி ஒரு கட்சி. ஹால் தரைக்கும் இதே பஞ்சாயத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூக்குக்குண்டு:
மூடிவிடுங்கள். கரிசல் மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்குக் கை நுழைகிற அளவு வெடிக்கும். அஸ்திவாரத்தை ஒட்டி அந்த ஆட்டம் நடந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். செடிக்கு ஊற்றும் தண்ணீர் இதைக் கூட்டத்தான் செய்யும்.
நடக்கிற இடத்துக்கு 60 மி.மீ. பேவர், கார் நிற்கிற இடத்துக்கு 80. மேல் கரிசலை ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டு, சரளை மண்ணை ஆறு அங்குல அடுக்காகக் கொட்டி, நனைத்து, காம்பாக்டர் (மண்ணை இறுக்குகிற மெஷின்) ஓட்டுங்கள். அதன்மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்). ஓரக் கல்லைக் கான்கிரீட்டில் பதிக்காவிட்டால் கார் திரும்பத் திரும்ப வரிசை விலகிவிடும்.

பச்சைவேலி:
பேவர் தண்ணீரைத் தடுக்கும் என்று யார் சொன்னது சார்? கல்லுக்குக் கல் இடையில் இருப்பது மணல். மழை அது வழியாக நேரே சரளைக்குள் இறங்கும். அடியில் கரிசல் அதைச் சீக்கிரம் கீழே விடாது, மேலே கல் ஆவியாக விடாது. கடைசியில் சுவரோரம்தான் ஈரம் தங்கும். போதாததற்கு மேற்குப் பக்கம் ஆறடிக்கும் கான்கிரீட் கல் என்றால் ராத்திரியும் அந்த அறைச் சுவர் சுடும். மேற்கே ஒரு வேம்பு வையுங்கள், ஏ.சி. செலவு குறையும்.

தூக்குக்குண்டு:
ஆறடி இடத்தில் வேம்பா! வேர் மண்ணைப் பெயர்ப்பது இரண்டாவது பிரச்சினை. கோடையில் அது ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் இழுக்கும், அந்தப் பக்கக் கரிசல் சுருங்கும், வீடு அங்கே இறங்கும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நட வேண்டும் என்பது இந்த மண்ணுக்கான பொதுக் கணக்கு. நாற்பதடி வேம்புக்கு உங்கள் மனையில் இடம் எங்கே?

மட்டப்பலகை:
இருவர் சொன்னதிலும் பாதி சரி. கரிசலில் ஈரமும் கெடுதலில்லை, காய்ச்சலும் கெடுதலில்லை. இரண்டும் மாறி மாறி வருவதுதான் கெடுதல். சுவரை ஒட்டிய மூன்றடியில் ஈரத்தை ஒரே சீராக வைத்தால் போதும்.
அதற்கு பேவர் உதவாது. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு ஏப்ரன் போடுங்கள்: அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் தாள், மேலே நாலு அங்குலக் கான்கிரீட், வெளிப்பக்கமாக ஒன்றேகால் அங்குலச் சரிவு. ஏப்ரனைச் சுவரோடு ஒட்டிப் பூசிவிடாதீர்கள். நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு சீலன்ட் அடைக்க வேண்டும். ஒட்டிப் பூசினால் முதல் கோடையிலேயே வெடித்து, அந்த வெடிப்பே தண்ணீருக்கு வழியாகும். ஐந்தடிக்கு ஒரு குறுக்கு வெட்டு விடுங்கள். ஏப்ரன் முடிகிற இடத்தில் வாறுகால் (வடிகால்), அதற்கு அப்பால் செடி.
மாடித் தண்ணீரைக் குழாய்க்கடியில் அப்படியே விடுவதுதான் பெரிய தப்பு. 1,120 சதுர அடி என்பது 104 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை பெய்தால் 5,200 லிட்டர். அது நாலு மூலையில் விழுந்தால் வீடு நாலு விதமாக அசையும். வெறும் கரிசலில் நாலடிக் குழி தோண்டி ஜல்லி போட்டால் அதில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) சேமியுங்கள், அல்லது சுக்கானை (கரிசலுக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புக் கட்டி அடுக்கை) தாண்டி சரளை தட்டுப்படும் வரை ஆழம் போய், மனையின் முன்மூலையில் உறைகிணறு இறக்குங்கள். ஏ.சி. தண்ணீர், தோய்க்கிற கல் தண்ணீர் எல்லாம் வாறுகாலுக்கே போகட்டும்.

பச்சைவேலி:
ஏப்ரன் சரி, ஏற்கிறேன். வேம்பை விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்கு அப்பால் இருக்கும் மூன்றடியும் முன்பக்கமும் செடிக்குத்தான். மாதுளை, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, செம்பருத்தி, முன்மூலையில் ஒரு பவழமல்லி. இவை அஸ்திவாரத்தை ஒன்றும் செய்யாது. கோனோகார்பஸ் வரிசை நடச் சொல்லி யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். குஜராத் அரசே 2023-ல் தடை போட்ட மரம் அது.
நடும் முன் ஒன்று. கட்டட வேலை நடந்த இடத்தில் சிமெண்ட், சுண்ணாம்பு, பூச்சுக் கழிவு எல்லாம் மண்ணுக்குள் கிடக்கும். கரிசல் ஏற்கெனவே காரம். இரண்டும் சேர்ந்தால் செடிக்கு இரும்புச்சத்து ஏறாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மல்லிகைதான் முதலில் காட்டும். இரண்டடி தோண்டி, கழிவைப் பொறுக்கி, மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். அப்படியும் வெளுத்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். புல்தரை மட்டும் வேண்டாம். நூறு சதுர அடிக்கு வெயில் நாளில் நாற்பது லிட்டருக்கு மேல் கேட்கும்.

பூக்கல்:
ஹாலைப் பற்றி யாருமே பேசவில்லை. ஆத்தங்குடி போடுங்கள். காரைக்குடி பக்கத்து ஊரில் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்க்கிற கல். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே இறுக்குகிறார்கள். காலுக்குக் குளிர்ச்சி. நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும்.

தூக்குக்குண்டு:
எலுமிச்சைச் சாறு விழட்டும், அந்தப் பளபளப்பைப் பார்க்கலாம். சிமெண்ட் கல் அமிலம் தாங்காது. புளித்தண்ணீரும் கறை விடும். பாத்ரூம் கிளீனரைத் தவறி ஊற்றினால் வண்ணமே அரிக்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நீர் உறிஞ்சும், எந்தக் கறையும் துடைத்தால் போகும்.

பூக்கல்:
சமையலறைக்கு நான் சொல்லவில்லை ஐயா, ஹாலுக்குத்தான். அப்புறம், நீர் உறிஞ்சாத அந்தக் குணம்தான் உங்கள் டைல்ஸைக் கிளப்பிவிடுகிறது. சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் அது பிடிக்காது. தட்டினால் டொக்கென்று கேட்கும்.

மட்டப்பலகை:
அது டைல்ஸின் குற்றமில்லை. பல் கரண்டியால் அட்ஹெசிவ் (டைல்ஸ் ஒட்டுகிற பசை) பரப்பி ஒட்ட வேண்டும். கல்லுக்குக் கல் இடைவெளி விட 2 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம், சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. விட்டு ஸ்கர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மறைக்க வேண்டும். இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டால் வெயில் காலத்தில் இரண்டு கல் கூடாரம் மாதிரி எழும். ஆத்தங்குடி என்றால் பி.சி.சி.க்கு (தரைக்கு அடியில் போடுகிற கம்பியில்லாக் கான்கிரீட்டுக்கு) அடியில் பாலித்தீன் தாள் வேண்டும், இல்லாவிட்டால் மண் ஈரம் ஏறி உப்புப் பூக்கும்.
ஆனால் கேட்டவர் ஒன்றைச் சொல்லவில்லை. பிளிந்துக்குள், அதாவது வீட்டுத் தரைக்கு அடியில், எந்த மண்ணை நிரப்பினீர்கள்?

நாற்பதுக்கு_அறுபது:
அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய கரிசல் மண்ணைத்தான் கொட்டினோம். தரைக்கு பி.சி.சி. இன்னும் போடவில்லை. கிச்சன் அலமாரிக்கு ஆள் நாளை வருகிறார்.

மட்டப்பலகை:
அப்படியானால் எந்தக் கல் என்ற பேச்சே இப்போது வேண்டாம். கரிசல் உள்ளே உப்பினால் ஆத்தங்குடியும் பிளக்கும், விட்ரிஃபைடும் பிளக்கும். நிரப்பிய கரிசல் மொத்தத்தையும் வெளியே எடுத்து, சரளையை ஆறு அங்குல அடுக்காக நனைத்து இடித்து ஏற்றுங்கள். பிறகு பி.சி.சி.
அலமாரி ஆளை அளவு மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பச்சைப் பூச்சில் ப்ளைவுட்டைச் சாய்த்தால் பூஞ்சை பிடிக்கும், கதவு வளையும். அலமாரிப் பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரும் தாங்குகிற) ப்ளை கேளுங்கள். சிங்குக்குக் கீழே மட்டும் அதுவும் வேண்டாம், கடப்பாக்கல் போதும்.

பச்சைவேலி:
உள்ளிருந்து எடுக்கிற கரிசலை டிராக்டரில் ஏற்றிவிடாதீர்கள். காம்பவுண்டு ஓரம் பாத்தி கட்ட அதைவிட நல்ல மண் விலைக்குக் கிடைக்காது.

தூக்குக்குண்டு:
காம்பவுண்டுச் சுவர் மட்டும் என்ன பாறைமேலா நிற்கிறது? பாத்தியை ஒன்றரை அடி தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.