அலுமினிய பாடியா, இரும்பு பாடியா? டோங்காட் கடலோரத்துக்கு எந்த பக்கி (பிக்கப் வண்டி) வாங்கலாம்?

டோங்காட் தோட்டக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில், கடலுக்குப் பக்கத்தில் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன். கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி. விடிவதற்கு முன்பே ஏற்றிக்கொண்டு டர்பன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். இப்போது ஓட்டும் பக்கியின் கதவடியிலும் சக்கரத்துக்கு மேல் வளைவிலும் துரு தின்றுவிட்டது, விரலை விட்டால் உள்ளே போகிறது. மாற்றியே ஆக வேண்டும்.

கையிலிருக்கும் காசுக்கு இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2012 லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 பிக்கப், இன்னொன்று 2016 டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கேப் (ஒரே வரிசை சீட்). டிஃபெண்டரை விற்பவர், "பாடி முழுக்க அலுமினியம், துரு என்ற பேச்சே கிடையாது" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா பையனும் அதே பாட்டு. அவன் ஓட்டும் ஃபோர்ட் எஃப்-150 ராணுவத் தர அலுமினியமாம். என் மாமனார் மட்டும், "அலுமினியம் சோறு வடிக்கிற சட்டிக்கு ஆகும், வண்டிக்கு ஆகாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

உப்புக்காற்றில் எது நிற்கும்? இடித்து ஒடுக்கு விழுந்தால் எதைச் சரிசெய்வது சுலபம்?

இசிப்பிங்கோ பேனல் பீட்டர்:

தம்பி, நான் பேனல் பீட்டர், அதாவது வண்டித் தகட்டில் ஒடுக்கு எடுப்பவன். உங்கள் மாமனார் சொல்வது பாதி சரி. விற்பவர் சொல்வது பாதி பொய்.

டிஃபெண்டரின் வெளித்தகடு அலுமினியம்தான். ஆனால் அடியில் வண்டியைத் தாங்கும் சட்டமான சேஸி இரும்பு. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் நிற்கும் பல்க்ஹெட் இரும்பு. கதவிலும் மேல்தோல்தான் அலுமினியம், உள்ளே இருக்கும் சட்டம் இரும்பு. 1948இல் முதல் லேண்ட் ரோவருக்கு அலுமினியத்தை எடுத்ததே, போர் முடிந்த இங்கிலாந்தில் இரும்புத் தகடு ரேஷனில் இருந்ததால்தான். துருவுக்குப் பயந்து எடுத்ததில்லை.

அலுமினியம் தனியாக இருந்தால் கடற்காற்றை நன்றாகவே தாங்கும். மேலே தானாக ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காப்பாற்றும். வம்பு எல்லாம் இரும்பைத் தொடும் இடத்தில்தான். இரண்டு உலோகமும் ஒட்டியிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அங்கே மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். அதில் கரைவது அலுமினியம். பழைய டிஃபெண்டரில் கதவின் கீழ் ஓரம் முதலில் போவது இதனால்தான். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், சுரண்டினால் வெள்ளைப் பொடி கொட்டும். சிவப்பாக இல்லாததால் அதைத் துரு இல்லை என்று சொல்லி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

எஃப்-150 வேறு கதை. 2015 மாடலிலிருந்து அதன் கேபினும் லோட்பின்னும் (சரக்கு ஏற்றும் பின்தொட்டி) அலுமினியம். முந்தைய மாடலைவிட 700 பவுண்டு வரை, அதாவது கிட்டத்தட்ட 320 கிலோ, எடை குறைந்தது. சேஸி அதிலும் இரும்பேதான். ராணுவத் தரம் என்பது விளம்பரக்காரன் வாய். அதில் போட்டிருக்கும், 5000, 6000 என்று எண்ணிட்ட வரிசை அலுமினியக் கலவைகள் உலகம் முழுக்கக் கிடைப்பவை. வெல்டிங்குக்குப் பதிலாகப் பெரும்பாலும் ரிவெட்டும் பசையும் போட்டு இணைக்கிறார்கள். இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடாதபடி இடையில் பூச்சு கொடுக்கிறார்கள். சரி, பேக்டரியில் கவனமாகச் செய்துவிட்டார்கள். நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏணி கட்ட ஒரு துளை போட்டு இரும்பு போல்ட்டை முறுக்கினால் அத்தனை கவனமும் வீண்.

ஒடுக்கு எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். இரும்புத் தகட்டைத் தட்டலாம், இழுக்கலாம், சூடு காட்டலாம். தன் பழைய வடிவத்துக்குக் கொஞ்சம் தானாகவே திரும்பப் பார்க்கும். அலுமினியத்துக்கு அந்தக் குணம் குறைவு. வேகமாகத் தட்டினால் விறைத்து வெடிப்பு விடும். சூடு காட்டினால் சிவக்காது, நிறமே மாறாமல் 660 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே திடீரென்று ஓட்டை விழும். அதற்கென்று தனிச் சுத்தியல், தனிச் சாணை எல்லாம் வேண்டும். இரும்பு அரைத்த தூசி அதில் பதிந்தால் பெயிண்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கும். எங்கள் கடையில் அலுமினிய வேலைக்குத் திரை போட்டு ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறோம். கூலியும் அதற்குத் தக்கபடிதான்.

ஒன்று கேட்கிறேன். பின்னால் காய்கறி மட்டும்தான் ஏற்றுவீர்களா, உரமும் மருந்தும் ஏறுமா?

பீனிக்ஸ் கிளெய்ம்ஸ் அக்கா:

நான் காப்பீட்டு வேலையில் இருப்பவள், காசுக் கணக்கை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு 2015இல் அலுமினிய எஃப்-150ஐயும் அதற்கு முந்தைய இரும்பு மாடலையும் மெதுவான வேகத்தில் ஒரே மாதிரி மோதவிட்டுப் பார்த்தது. அலுமினிய வண்டியைச் சரிசெய்ய 26 சதவீதம் கூடுதலாகச் செலவானது. உடைந்ததும் கொஞ்சம் அதிகம், வேலை பிடித்த நேரமும் அதிகம். அது அங்கத்திய கணக்குதான். ஆனாலும் அண்ணா, வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இரண்டுக்கும் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். எக்செஸ் தொகையையும் (கிளெய்ம் போடும்போது நம் கையிலிருந்து கட்டும் பங்கு) சேர்த்துக் கேளுங்கள், பலர் அதைக் கேட்பதே இல்லை.

ரிச்சர்ட்ஸ் பே வாசி:

எங்கள் ஊரே அலுமினியத்தில் பிழைக்கும் ஊர். ஹில்சைட் உருக்காலை இங்கேதான் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஹுலாமினில் தகடாக உருட்டுகிறார்கள். அப்படியிருந்தும் இந்த நாட்டில் செய்யும் பக்கிகளைப் பாருங்கள்: புரோஸ்பெக்டனில் ஹைலக்ஸ், சில்வர்டனில் ரேஞ்சர், கெபெர்காவில் (பழைய போர்ட் எலிசபெத்) டி-மேக்ஸ். மூன்றுக்கும் பாடி இரும்புதான். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் அதைத் தட்ட ஆள் இருக்கிறான். அலுமினியத்தில் அவ்வளவு ஆசை இருந்தால் பின்தொட்டிக்கு மேலே மூடும் கேனோபியை அலுமினியத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வைக்க மறக்க வேண்டாம்.

டோங்காட் தோட்டக்காரன்:

பேனல் பீட்டர் அண்ணா, நல்ல கேள்வி கேட்டீர்கள். யூரியா ஏறும், கோழி எரு ஏறும். மழைக்காலத்தில் தக்காளிக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு (தாமிரம் கலந்த பூஞ்சை மருந்து) அடிப்போம், அந்த ஸ்ப்ரே டேங்க் பின்னாலேயேதான் இருக்கும். மூடி சரியில்லாததால் கொஞ்சம் வழியும். பச்சைக் கறை படிந்தே கிடக்கும். அமெரிக்கத் தம்பி ஒரு வீடியோவும் அனுப்பினான், லோட்பின்னில் கல்லைக் கொட்டுகிறார்கள்.

இசிப்பிங்கோ பேனல் பீட்டர்:

அது 2016இல் செவ்ரோலே எடுத்த விளம்பரம். கல் கொட்டியதில் ஃபோர்டின் அலுமினியத் தரை கிழிந்தது, அவர்களுடைய இரும்புத் தரை நசுங்கியதோடு நின்றது. போட்டிக்காரன் எடுத்த படம் என்பதை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, அதே செவ்ரோலே 2019 மாடலில் கதவுக்கும் பானெட்டுக்கும் டெயில்கேட்டுக்கும் அலுமினியத்தைப் போட்டது. லோட்பின்னை மட்டும் இரும்பிலேயே விட்டது. சரக்கு விழும் இடத்தில் இரும்பு, மனிதன் கை வைக்கும் இடத்தில் அலுமினியம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

உங்கள் விஷயத்தில் கல்லைவிட அந்தப் பச்சைக் கறைதான் எமன். தாமிரக் கரைசல் அலுமினியத்தின் மேல் சொட்டினால் தாமிரம் அங்கேயே படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து அலுமினியத்தை அரித்துக் குழி போடும். டிஃபெண்டரின் லோட்பின் தரை அலுமினியம் என்பதால் நீங்கள் அடிக்கும் மருந்தே அதைத் தின்றுவிடும். இரும்புக்கும் தாமிரம் ஆகாது, கோழி எருவும் ஆகாது. ஆனால் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு, பெயிண்ட், அதன் மேல் பிளாஸ்டிக் லைனர் என்று அடுக்கலாம். அப்படியும் போய்விட்டால் பழைய ஹைலக்ஸ் லோட்பின் ஒன்றை ஸ்க்ராப் யார்டில் வாங்கி மாற்றலாம். டேங்க் மூடியை மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள், எந்த வண்டி வாங்கினாலும்.

அதனால் ஹைலக்ஸ். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி (ஓட்டையை மூடப் பூசும் பசை) அப்பியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனை டிஃபெண்டரின் வெளித்தகட்டில் நடக்காது, அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. லோட்பின்னுக்குப் புதிதாக ரப்பரைஸிங் (ரப்பர் பூச்சு) அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், துருவை மூடுவதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் முங்கிய வண்டிகள் எத்தனை! கழுவி விற்பவர்கள் அந்தப் பெல்ட்டின் உள்பக்கத்தை மறந்துவிடுவார்கள், சேறு அங்கே தங்கியிருக்கும். சேஸியின் ஓட்டைகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

டோங்காட் தோட்டக்காரன்:

சனிக்கிழமை காந்தத்தோடு போகிறேன். பிளாஸ்டிக் லைனர் போட்டிருக்கிறது, அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றால் விற்பவர் விடுவாரா அண்ணா?

இசிப்பிங்கோ பேனல் பீட்டர்:

ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் சுலபமாக வந்துவிடும். விடமாட்டேன் என்றால் விலையே பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள், வேறு ஹைலக்ஸ் கிடைக்கும்.